பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களை வகைப்படுத்துவதும் அடுக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் நூலகத்தைக் கவனித்துக்கொள்பவர், மடத்துப் புத்தகங்களுக்குப் பொறுப்பானவர், தாத்தாவின் பீரோவைத் திறந்து பார்த்துத் திகைத்து நிற்கும் பேத்தி என்று பலரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழில் அச்சான நூல்களை மனதில் வைத்து எழுதியது இது. ஓலைச்சுவடிகளைப் பராமரிக்கும் முறை வேறு. அதை இதோடு கலக்க வேண்டாம்.

எந்த வருஷத்துக்கு முந்தின புத்தகத்தை 'அரிய நூல்' என்று தனியே எடுத்து வைக்க வேண்டும்?

எல்லா நூலகத்துக்கும் பொருந்துகிற ஒரே வருடம் கிடையாது. தமிழ் அச்சின் கதையைப் பார்த்தால் சில எல்லைக்கோடுகள் தெரியும். 1578ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் ஒரே ஒரு பிரதிதான் இன்று இருப்பதாகத் தெரிகிறது, அதுவும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலும் வேப்பேரியிலும் மிஷன் அச்சகங்கள் நடந்தன. 1835க்குப் பிறகு அச்சுக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்து, நம்மவர்கள் நடத்திய அச்சகங்கள் பெருகின. 1867ல் வந்த சட்டப்படி புத்தகங்களைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

என் யோசனை இது: 1900க்கு முந்தியது எதுவானாலும் கேள்வி கேட்காமல் தனியே எடுத்து வையுங்கள். அதற்குப் பிந்தியதில் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் (சந்தையில் மலிவாக விற்ற சிறு பாட்டு நூல்கள்), அரசாங்கம் தடை செய்தவை, இயக்கத் துண்டு வெளியீடுகள், ஊர்ச்சங்க மலர்கள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1894ல் வந்த உ.வே.சா.வின் புறநானூறு முதல் பதிப்பை யாராவது பத்திரப்படுத்தியிருப்பார்கள். 1930களின் எட்டுப் பக்கக் கொலைச்சிந்தை (நடந்த கொலையைப் பாடும் மலிவுப் பாட்டு நூலை) யாரும் பத்திரப்படுத்தியிருக்க மாட்டார்கள். தேடினால் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எங்கள் நூலகம் முழுக்க டூயி எண் வரிசையில்தான் இருக்கிறது. பழைய புத்தகங்களையும் அப்படியே நுழைத்துவிடலாமா?

வேண்டாம். டூயி என்பது புத்தகம் எதைப் பற்றியது என்று பார்த்து எண் கொடுக்கும் வகைப்பாட்டு முறை. திறந்த அலமாரியில் அப்படிப் பொருள் வரிசைப்படி அடுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வாசகர் தானே போய்ப் பார்த்து, பக்கத்தில் இருப்பதையும் புரட்டி எடுக்கலாம். அரிய நூல்களின் அறைக்குள் வாசகர் வருவதில்லை. நீங்கள்தான் எடுத்துக் கொடுக்கிறீர்கள். பிறகு எதற்குப் பொருள் வரிசை? அந்த வரிசையில் வைத்தால் கையடக்க நிகண்டும் (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்) பெரிய அளவு அகராதியும் தோளோடு தோள் நிற்கும். சிறியது வளையும், பெரியதன் அட்டை பிரியும். புதிய புத்தகம் வரும்போதெல்லாம் வரிசை முழுவதையும் நகர்த்த வேண்டியிருக்கும். நொறுங்கும் தாளுக்கு அந்த அசைவே ஆகாது.

பொருள் வகைப்பாட்டைப் பட்டியலில் செய்யுங்கள், எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும். அலமாரியில் அளவுப்படி வையுங்கள். இந்தப் பக்கத்தின் பாதிப் பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

அளவுப்படி என்றால் எப்படி? எண் எப்படிக் கொடுப்பது?

மூன்று அளவு போதும். 20 சென்டிமீட்டர் உயரம் வரை 'சி', 20 முதல் 28 வரை 'ந', அதற்கு மேல் 'பெ'. டெம்மி, கிரவுன் என்று அச்சகக் கணக்கில் பிரிக்க ஆசை வரும். ஆனால் பைண்டர் ஓரத்தை வெட்டிய பிறகு அந்தக் கணக்கு சரியாக வராது. ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

ஒவ்வொரு அளவுக்குள்ளும் வந்த வரிசையில் தொடர் எண். 'அரிய சி 0412' என்றால் சிறிய அளவில் 412ஆவது புத்தகம். அடுத்து வருவது 0413, அதன் பக்கத்திலேயே உட்காரும். முன்னால் இருப்பவை எதுவும் நகராது. எந்த எண் காணாமல் போனாலும் வரிசையில் விழும் ஓட்டை உடனே கண்ணில் படும். கணக்கெடுக்கும்போது இது எவ்வளவு நிம்மதி என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த எண்ணைப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? முதுகில் லேபிள் ஒட்டலாமா?

ஒட்டக் கூடாது. பசை காய்ந்து லேபிள் விழும்போது முதுகுத் தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். அமிலம் இல்லாத தாளில் விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு நறுக்கி, எண்ணைப் பென்சிலால் எழுதி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி புத்தகத்துக்குள் வையுங்கள். சீட்டு எப்போதாவது தொலையும் என்பதால், முகப்புப் பக்கத்தின் பின்புறம் கீழ் மூலையில் அதே எண்ணை மென்மையான பென்சிலால் சிறிதாக எழுதிவிடுங்கள். பேனா, ஸ்கெட்ச், ஹைலைட்டர் எதுவும் அந்த அறைக்குள்ளேயே வர வேண்டாம்.

ஆடிட்டில் முத்திரை இல்லையென்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் சார். என்ன செய்வது?

சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணும் முகப்புப் பக்கத்தின் புகைப்படமும் இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சிறிய முத்திரை ஒன்று, கடைசிப் பக்கத்தின் வெற்று ஓரத்தில், எழுத்தின் மேல் படாமல். முகப்புப் பக்கத்தின் நடுவில் ஊதா மையில் வட்ட முத்திரை குத்தும் பழக்கத்தால் எத்தனையோ பதிப்பாளர் பெயர்கள் படிக்க முடியாமல் போயிருக்கின்றன.

பழைய புத்தகம் எதை எடுத்தாலும் செய்யுளாக இருக்கிறது. எல்லாவற்றையும் 'கவிதை' என்று போட்டுவிடலாமா?

ரொம்பப் பேர் சறுக்கும் இடம் இது. டூயியில் தமிழ்க் கவிதைக்கு 894.8111. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களை வடிவத்தை மட்டும் பார்த்து வகைப்படுத்தினால் பெரும்பகுதி இந்த ஒரு எண்ணிலேயே போய் விழும். சித்த மருத்துவம் செய்யுளில் இருக்கும், இலக்கணம் செய்யுளில் இருக்கும், நிகண்டும் சோதிடமும் தலபுராணமும் அப்படியே. பாட்டில் எழுதியிருப்பதால் அகத்தியர் பெயரில் வரும் வைத்திய நூல் இலக்கியம் ஆகிவிடாது. பொருளைப் பாருங்கள். வைத்தியம் மருத்துவத்துக்கு, இலக்கணமும் நிகண்டும் 494.811 என்ற தமிழ்மொழிக்கு, தலபுராணம் 294.5க்குக் கீழே.

தேவாரம், திருவாசகம், பிரபந்தம் சமயமா இலக்கியமா என்று கேட்டால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் சமயத்தில் வைத்து, இலக்கியத் தலைப்பை இரண்டாவது பொருள் தலைப்பாகக் கொடுப்பேன். நீங்கள் மாற்றிச் செய்தாலும் குற்றமில்லை. ஆனால் முடிவை எங்காவது எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருபவர் வேறு மாதிரி செய்தால் பாதி திருவாசகம் ஒரு பக்கமும் மீதி இன்னொரு பக்கமும் கிடக்கும்.

ரங்கநாதனின் கோலன் முறை நம் ஊர்க்காரர் செய்தது. அதுவே நல்லதில்லையா?

சீர்காழிக்காரரான ரங்கநாதன் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், 1933ல் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். அதில் தமிழ் இலக்கியம் O31. மூலம், அதன் உரை, உரைக்கு எழுந்த விளக்கம் என்று அடுக்கடுக்காக வளர்ந்த நம் நூல்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. உங்கள் நூலகம் ஏற்கெனவே கோலனில் இருந்தால் அதையே தொடருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டூயி தெரிந்த ஆள் கிடைப்பது எளிது என்பதால் டூயியைச் சொல்கிறேன். எந்த முறையானாலும் அந்த எண் பட்டியலுக்குத்தான். அலமாரி வரிசையை அது தொட வேண்டாம்.

புத்தகத்தில் 'பிங்கள வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கிறது. இதை எந்த ஆண்டு என்று போடுவது?

அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் பிங்கள 1797லும் வரும், 1857லும் வரும், 1917லும் வரும். முதலில் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க வேண்டும். தாள், எழுத்தின் வார்ப்பு, அச்சகத்தின் பெயர், பதிப்பித்தவர் வாழ்ந்த காலம் எல்லாம் உதவும். கலியுக ஆண்டு கொடுத்திருந்தால் 3101ஐக் கழியுங்கள், சாலிவாகன சகம் என்றால் 78ஐக் கூட்டுங்கள், கொல்லம் ஆண்டுக்கு 825ஐக் கூட்டுங்கள். கலி 4958 என்றால் 1857. கணக்கு ஒரு வருடம் முன்பின் ஆகலாம். வருஷப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

அப்புறம் மாதம். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகையால் பிங்கள தை என்பது 1858 ஜனவரி. மாதம் இல்லாமல் வருஷம் மட்டும் இருந்தால் '1857-58' என்று போடுங்கள். புத்தகத்தில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுதி, நீங்கள் கணக்கிட்டதைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள். ஊகம் என்றால் கேள்விக்குறியும் சேருங்கள்.

தமிழ் எண்களில் ஆண்டு இருந்தால் ௧௮௫௭ என்றும் இருக்கலாம், ௲௮௱௫௰௭ என்றும் இருக்கலாம். இரண்டும் 1857தான். ௭ என்பதை எகரம் என்றும் ௮ என்பதை அகரம் என்றும் படித்துவிட்டு, முகப்பில் ஆண்டே இல்லை என்று பட்டியல் போட்டவர்கள் உண்டு.

தலைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே புரியவில்லை. எல்லாம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

பழைய முகப்புப் பக்கம் ஒரே நீண்ட வாக்கியமாக ஓடும். நூலின் பெயர், இயற்றியவர், உரைசெய்தவர், யார் வேண்டுகோளின்படி, யாரால் பரிசோதிக்கப்பட்டு (அதாவது பிழை பார்த்துச் செப்பம் செய்யப்பட்டு), எந்த அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று மூச்சு விடாமல் போகும். பெயரே புணர்ந்து நிற்கும், 'திருக்குறண்மூலம்' என்பது போல. அதைப் பிரித்துத் திருத்தி எழுதாமல் அச்சிட்டபடியே முதல் தலைப்பாகக் கொடுங்கள். 'திருக்குறள் மூலம்' என்று இன்று ஒருவர் தேடக்கூடிய வடிவத்தை மாற்றுத் தலைப்பாகச் சேருங்கள். முதல் வடிவம் எந்தப் பதிப்பு என்று அடையாளம் காண, இரண்டாவது வடிவம் தேடுகிறவருக்காக.

ஆட்களின் பெயருக்கும் இதே வழிதான். சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர் மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து, மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்டுங்கள். 'திரிசிரபுரம்', 'யாழ்ப்பாணத்து நல்லூர்' போன்ற ஊர்ப்பெயர்களைத் தலைப்பின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். ஆனால் குறிப்பில் விட்டுவிடவும் கூடாது. ஒரே பெயரில் இரண்டு புலவர்கள் இருந்தால் பிரித்துக் காட்டுவது ஊர்தான்.

முகப்புப் பக்கமே இல்லை. அட்டையும் போயிற்று. இது என்ன புத்தகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தின் மேலே ஓடும் தலைப்பைப் பாருங்கள். அடுத்து சாற்றுக்கவிகள், சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் பாராட்டி மற்றவர்கள் பாடிய பாட்டுகள். பதிப்பித்தவரின் பெயரையும் ஊரையும் சில சமயம் ஆண்டையும்கூட அங்கே பாட்டுக்குள் வைத்திருப்பார்கள். முகவுரையின் அடியில் தேதி இருக்கும். கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரோ, 'இங்கே கிடைக்கும் வேறு புத்தகங்கள்' என்ற விளம்பரமோ இருக்கலாம். அந்த விளம்பரம் பெரிய சாட்சி. அதில் இருக்கும் நூல்களின் காலம் தெரிந்தால் இதன் காலமும் நெருங்கிவிடும்.

பிறகு பழைய பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். ஜான் மர்டாக் 1865ல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல், பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் செய்து 1909ல் வந்த பட்டியல், பதிவுச் சட்டத்துக்குப் பிந்திய நூல்களுக்குத் தமிழக அரசு வெளியிட்ட தமிழ்நூல் விவர அட்டவணை மூன்றும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். பக்க எண்ணிக்கையும் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியும் ஒத்துப்போனால் ஏறக்குறைய உறுதி.

ஒரே நூலின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்துவிடலாமா?

இரண்டும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். 'இரண்டாம் பதிப்பு' என்ற சொல் மட்டும் போதாது. அச்சுக்கூடம், பக்க எண்ணிக்கை, பிழைதிருத்தப் பட்டியல், சாற்றுக்கவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். முதலில் வந்ததில் பிழைதிருத்தம் தனித்தாளாக ஒட்டியிருக்கும், அடுத்ததில் பிழைகள் உள்ளேயே திருத்தியிருக்கும். அச்சிட்ட ஊரையும் கவனியுங்கள். ஆறுமுகநாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் இருந்தது, அதே பெயரில் சென்னையிலும் இருந்தது. ஊரை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் பிரதிக்குப் பிரதி வேறுபாடு இருக்கும். ஒன்றில் பழைய வித்துவான் ஓரத்தில் பாடபேதம் (வேறு பிரதிகளில் காணும் சொல் வேறுபாடு) எழுதியிருப்பார், இன்னொன்றில் ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கும். இவற்றைப் பிரதிக் குறிப்பில் எழுதுங்கள். கொடுப்பதானால் வேறு ஊரில் உள்ள நூலகத்துக்குக் கொடுங்கள். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. எல்லாப் பிரதிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

ஏழெட்டுச் சின்னப் புத்தகங்களை ஒன்றாகத் தைத்து பைண்டு செய்திருக்கிறார்கள். பிரித்துத் தனித்தனியாக வைக்கலாமா?

பிரிக்காதீர்கள். காலணா அரையணா விலைக்கு வாங்கிய பாட்டுப் புத்தகங்களையும் பெரிய எழுத்துக் கதைகளையும் சேர்த்துத் தைத்துக்கொள்வது அன்றைய வாசகரின் வழக்கம். அல்லி அரசாணி மாலைக்குப் பக்கத்தில் ஒரு ரயில் சிந்தும் ஒரு சமையல் சிறுநூலும் இருந்தால், அந்த வீட்டில் என்ன படித்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டுதான் ஆதாரம். பிரித்தால் அது போய்விடும், தையல் ஓரமும் கிழியும்.

அலமாரியில் அது ஒரே பொருள், ஒரே எண். பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பதிவு: சி 0412-1, சி 0412-2 என்று. ஒவ்வொரு பதிவிலும் 'இதனோடு சேர்த்துக் கட்டப்பட்டவை' என்று மற்றவற்றைச் சொல்லுங்கள். பொருள் வரிசையில் அடுக்கியிருந்தால் இந்தக் கட்டை எந்த எண்ணில் வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அளவு வரிசையில் அந்தக் கேள்வியே எழாது.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா? எந்த மாதிரி அலமாரி வேண்டும்?

'சி', 'ந' இரண்டும் நிற்கலாம், சாயாமல், நெருக்காமல். இரண்டு விரல் நுழைந்து புத்தகத்தின் இடுப்பைப் பிடித்து எடுக்க முடிய வேண்டும். மேல் விளிம்பில் விரல் கொக்கி போட்டு இழுப்பதுதான் முதுகு கிழிவதற்கு முதல் காரணம். 'பெ' படுக்கட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். அட்டை பிரிந்தது, தாள் நொறுங்குவது எல்லாம் அமிலமற்ற அட்டைப் பெட்டிக்குள் போகட்டும்.

மரத்தைவிட வண்ணம் சுட்டேற்றிய இரும்பு ரேக் நல்லது. வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்தையே தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏசி இருந்தால் இரவும் பகலும் ஓட வேண்டும். பகலில் போட்டு மாலையில் அணைத்துவிட்டுப் போவதைவிட ஏசி இல்லாமல் மின்விசிறியும் காற்றோட்டமும் இருப்பது மேல். ஈரப்பதம் தினமும் ஏறி இறங்குவதுதான் தாளைக் கெடுக்கிறது.

பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் போதுமா? நாப்தலின் உருண்டை போடலாமா?

வசம்புப் பொட்டலம் ரேக்கின் மூலையில் இருக்கட்டும், கெடுதல் இல்லை. அதை மட்டும் நம்ப வேண்டாம். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் இலையின் வடிவத்திலேயே கறை படியும். மயிலிறகு பரவாயில்லை, ஆனால் அதற்கும் பூச்சி வரும். நாப்தலின் புத்தகத்துக்குச் செய்யும் நன்மையைவிட அந்த அறையில் உட்காருபவரின் உடம்புக்குச் செய்யும் கேடு அதிகம்.

இராமபாணம் என்ற புத்தகப் பூச்சி துளைத்த புத்தகம் வந்தால் முதலில் தனி அறையில் வையுங்கள். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, −20 டிகிரிக்குக் கீழே போகும் ஆழ்உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் நீர்த்துளி புத்தகத்தின்மேல் கட்டும். நனைந்த புத்தகத்துக்கும் தோல் கட்டுக்கும் படங்கள் ஒட்டிய ஆல்பத்துக்கும் இதைச் செய்வதற்கு முன் பாதுகாப்புப் பணி தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஆயுத பூஜை வந்தால் சந்தனமும் குங்குமமும் புத்தகத்தின் மேல் வைப்பார்கள். யாரையும் புண்படுத்தாமல் ஒரு மனைப்பலகையில் வெள்ளைத் தாள் விரித்து, அதற்குப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறார்கள்.

கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டலாமா? எங்கள் பைண்டர் நன்றாகவே செய்வார்.

டேப் கூடவே கூடாது. சில வருடங்களில் பழுப்பேறி எழுத்தை விழுங்கும். லேமினேஷனும் வேண்டாம். உங்கள் பைண்டர் கைத்தேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் பாடப்புத்தகம் பைண்டு செய்யும் பழக்கத்தில் மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டுவார், பசையில் மயில்துத்தம் கலப்பார். வெட்டினால் ஓரக் குறிப்பு போகும், துத்தம் காலப்போக்கில் தாளை அரிக்கும். ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஒட்டத் தெரிந்தவர் கிடைக்கும்வரை பெட்டியில் போட்டு நாடாவால் கட்டி வையுங்கள். அதுவே போதுமான பாதுகாப்பு.

ஒருவர் தன் அப்பாவின் சேகரிப்பை மொத்தமாகக் கொடுத்தார். 'அப்பா பெயரில் தனி அலமாரி வேண்டும்' என்கிறார். என்ன சொல்வது?

அலமாரியைப் பற்றி வாக்குக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். நாளை இடம் மாறும், ரேக் மாறும். பட்டியலில் ஒவ்வொரு பதிவிலும் 'இன்னார் சேகரிப்பு' என்று போட்டால், ஒரே தேடலில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். உள்ளே அவர் பெயர் பொறித்த சீட்டும் இருக்கட்டும். பெரும்பாலோர் இதில் சமாதானமாகிவிடுகிறார்கள்.

ஆனால் சேகரிப்பே ஒரு பொருளாக இருக்கும் சமயமும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992ல் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. அது கலையாமல் 1994ல் சென்னையில் ஒரு நூலகமாயிற்று. ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு நோக்கத்தோடு சேர்த்ததைத் தனி வரிசையாகவே வையுங்கள்: 'முன்னொட்டு–அளவு–எண்'. கல்யாணத்தில் வந்த பரிசுப் புத்தகங்களும் வாரப்பத்திரிகைகளும் கலந்து கிடப்பதற்கு அந்த மரியாதை தேவையில்லை. அப்படிப்பட்டதில் அரியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கி, மீதியை என்ன செய்யலாம் என்று அப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

புத்தகத்துக்குள்ளே பழைய கடிதமும் ரசீதும் இருந்தன. எடுத்துத் தனியே வைக்கலாமா?

எந்தப் பக்கங்களுக்கு நடுவே இருந்தது என்று குறித்து, அமிலமற்ற உறையில் போட்டு, புத்தகத்தின் எண்ணோடு 'இ1', 'இ2' என்று எண் கொடுங்கள். மெல்லிய உறையாக இருந்தால் புத்தகத்தின் பெட்டியிலேயே இருக்கட்டும். காய்ந்த பூ, வெற்றிலைக் காம்பு போன்றவற்றைப் படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

எல்லாம் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இனி மூலம் எதற்கு, இடம்தானே அடைக்கிறது?

ஸ்கேனில் தாளின் நீர்க்குறி தெரியாது, தையல் தெரியாது. அழுத்தி அச்சிட்டதா, கல்லில் எழுதி எடுத்த கல்லச்சா என்று விரலால் தடவிச் சொல்ல முடியாது. 'இரண்டு பிரதிகள்' கேள்வியில் சொன்ன வேறுபாடுகளில் பாதி, அடுத்த தலைமுறை ஆய்வாளர் கேட்கும்போதுதான் முக்கியமாகும். அதோடு, விட்டுப்போன பக்கமும் மங்கிய வரியும் எந்தத் தொகுப்பிலும் இருக்கும். திரும்ப எடுக்க மூலம் வேண்டும்.

ஸ்கேன் வந்ததால் கிடைக்கும் நன்மை, புத்தகத்தை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை என்பதுதான். வாசகருக்கு முதலில் கோப்பைக் கொடுங்கள். அது போதாது என்று காரணம் சொல்பவருக்கு மூலத்தைக் கொடுங்கள், நுரைத் தாங்கியின் மேல் வைத்து, கையைக் கழுவித் துடைக்கச் சொல்லி. கையுறை வேண்டாம், அதைப் போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்துவது யாருக்கும் கிடையாது. கோப்பின் பெயர் புத்தகத்தின் எண்ணாகவே இருக்கட்டும், அரிய_சி_0412 என்பது போல. 'புதியது_கடைசி_2' என்று பெயர் வைத்த கோப்பை இரண்டு வருடம் கழித்து எந்தப் புத்தகத்தோடு சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது.